சினை முற்றாத மீனுக்கு ஊசி வேலை செய்யாது

முட்டையிட வைக்கும் ஹார்மோன் ஊசி போட்டும் மீன் முட்டையிடவில்லை என்றால் மருந்தைக் குறை சொல்லும் முன் சினையைப் பாருங்கள். முட்டையில் மஞ்சள் கரு சேர மாதக்கணக்கில் ஆகும். அதை நடத்துபவை பகலின் நீளமும் நீரின் வெப்பமும். ஹார்மோன் செய்வது கடைசி சில மணி நேர வேலை.

வானவில் டிரவுட் பகல் குறையும் பருவத்தில் முட்டையிடும் மீன். சில மாதங்கள் 18 மணி நேர வெளிச்சம் கொடுத்து, பிறகு சட்டென 6 மணி நேரமாகக் குறைத்தால் மூன்று, நான்கு மாதம் முன்னதாகவே முட்டையிட வைக்கலாம். இருட்டு முழு இருட்டாக இருக்கவேண்டும். கதவிடுக்கில் கசியும் ஒளிகூட, இரவை உடலுக்கு உணர்த்தும் மெலடோனின் ஹார்மோனின் சுரப்பைக் குலைத்துவிடும். பலர் மறப்பது வெப்பத்தை: முட்டையிடும் காலம் கோடைக்கு நகர்ந்தால் நீரையும் குளிர்விக்க வேண்டும். 12–13 டிகிரிக்கு மேல் போனால் முட்டையின் தரம் கெடும்.

கெண்டை மீன்களுக்கு ஊசி. ஓவாப்ரிம் வகை மருந்தின் 1 மி.லி.யில் 20 மைக்ரோகிராம் ஜிஎன்ஆர்எச் (இனப்பெருக்கத்தைத் தூண்டும் மூளை ஹார்மோன்) ஒப்புமருந்தும் 10 மி.கி. டாம்பெரிடோனும் இருக்கும். முதலாவது மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும். மூளையில் சுரக்கும் டோபமின் அந்தச் சுரப்பிக்குப் போடும் தடையை மற்றது நீக்கும். பெண் ரோகுவுக்குக் கிலோவுக்கு 0.3–0.4 மி.லி., ஆணுக்கு 0.1–0.2. மூன்று கிலோப் பெண் மீன் என்றால் 0.9–1.2 மி.லி.

ஊசிக்கு முன் மெல்லிய குழாயால் கொஞ்சம் முட்டை எடுத்து, ஆல்கஹால், ஃபார்மலின், அசிட்டிக் அமிலம் 6:3:1 விகிதக் கலவையில் சில நிமிடம் போடுங்கள். முட்டை தெளிந்து உட்கரு தெரியும். பெரும்பாலானவற்றில் அது நடுவைவிட்டு ஓரம் நகர்ந்திருந்தால் ஊசி போடலாம். நடுவிலேயே இருந்தால் காத்திருப்பதே வழி. அளவை இரட்டிப்பாக்குவதால் பயனில்லை.

நேரத்தை நீரின் வெப்பமே தீர்மானிக்கும். சாதா கெண்டைக்குக் கடைசி ஊசியிலிருந்து 240–260 டிகிரி-மணி (நீரின் வெப்பத்தை மணி நேரத்தால் பெருக்கிய அளவு). அதாவது 24 டிகிரியில் 10–11 மணி நேரம். அதற்குச் சற்று முன்பே வயிற்றை மெல்ல அழுத்திப் பாருங்கள். முட்டை தானாக ஒழுகாவிட்டால் பிழியாதீர்கள், ரத்தமும் கட்டியுமாகத்தான் வரும். தாமதித்தாலோ முட்டை வயிற்றுக்குள்ளேயே கெட்டு, கருவுறுதல் சரிந்துவிடும்.

பிழியும் பாத்திரமும் மீனின் வயிறும் நன்றாக உலர்ந்திருக்கட்டும். விந்தை முட்டையோடு கலந்த பிறகே நீர் சேர்க்கவேண்டும். நீர் பட்ட விந்தணு ஒரு நிமிடம்கூட நீந்தாது.