டகோமாவுக்கு இரும்பு ரிம்: முன்பக்கம் முடிந்தது, பின்பக்கம் பாக்கி

முன்பக்க ரிம் இரண்டும் நேற்று இரவு ஏறிவிட்டன. மூன்று வாரமாக இழுத்தடித்த வேலை. டொயோட்டா டகோமா பிக்கப்புக்குப் பனிக்காலத்துக்கென்றே நாலு ரிம், விலை மலிவாக, பின்னால் விறகு ஏற்றினாலும் தாங்குகிற மாதிரி வேண்டும் என்று தேட ஆரம்பித்தது அக்டோபர் நடுவில். கனடாவின் ஒன்டாரியோவில் பனியை உருக்க ரோட்டில் கொட்டும் உப்பு என் 17 அங்குல அலாய் (அலுமினியக் கலவை) ரிம்மைத் தின்றுவிட்டது. டயர் உட்காரும் விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்து, வாரத்துக்கு மூன்று பிஎஸ்ஐ காற்று இறங்கிக்கொண்டே இருந்தது. அதனால் இந்த முறை இரும்புதான் என்று முடிவு. கனம் அதிகம், அழகு கிடையாது. ஆனால் பள்ளத்தில் விழுந்தால் பெரும்பாலும் வளையும், அலாய் மாதிரி சட்டென்று விரிசல் விடாது.

முதலில் வாங்கியது வீண். ஓஷாவாவில் ஒருவர் ஷெவ்ரோலே சில்வராடோ பிக்கப்பின் இரும்பு ரிம் நாலு, 160 டாலர் என்று விளம்பரம் போட்டிருந்தார். ஆறு போல்ட், அவை உட்காரும் வட்டத்தின் விட்டம் 139.7 மில்லிமீட்டர், டகோமாவுக்கும் அதே கணக்குதான். "எல்லா ஆறு போல்ட் பிக்கப்புக்கும் பொருந்தும்" என்று அடித்துச் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்து ஜாக்கி போட்டுத் தூக்கி மாட்டினால் ரிம் ஹப் (சக்கரம் மாட்டும் அச்சின் நடுமுனை) மேலேயே ஏறவில்லை. வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். ரிம்மின் நடு ஓட்டை 78, டகோமாவின் ஹப் 106. இருபத்தெட்டு மில்லிமீட்டர் வித்தியாசம்! ஓட்டை பெரிதாக இருந்தால் வளையம் போட்டுச் சரிக்கட்டலாம், சிறிதாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. லேத்தில் கடைந்து பெரிதாக்கலாமே என்று நண்பர் சொன்னார். சுமை ஏற்றுகிற வண்டி, அழுத்தி வடிவமைத்த தகட்டில் சுற்றிலும் 14 மில்லிமீட்டர் வெட்டியெடுக்க எனக்கு மனசு வரவில்லை. வாங்கிய விலைக்கே வேறொருவருக்குத் தள்ளிவிட்டேன், அவரிடம் இருப்பது சில்வராடோதான் என்று கேட்டு உறுதிசெய்த பிறகு.

இரண்டாவது முறை டகோமாவிலிருந்து கழற்றிய 16 அங்குல இரும்பு ரிம்மே 220 டாலருக்குக் கிடைத்தது. பணம் கொடுக்கும் முன் அரை மணி நேரம் பார்த்தேன். நட் உட்காரும் குழி முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறதா, நடுத்தட்டும் வெளிவளையமும் சேரும் வெல்டிங்கில் மயிரிழை விரிசல் உண்டா, டயர் உட்காரும் இடத்தில் துரு செதிலாக உரிகிறதா, இவ்வளவுதான். மேலே இருக்கும் துருவைக் கண்டு பயப்பட வேண்டாம், கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து இரண்டு கோட் கறுப்பு பெயின்ட் அடித்தேன். டயர் அளவு 245/75 ஆர்16. பழைய 265/65 ஆர்17-இன் விட்டம் 776 மில்லிமீட்டர், இது 774, ஸ்பீடோமீட்டருக்குத் தெரியக்கூடத் தெரியாது. பக்கச்சுவர் 12 மில்லிமீட்டர் கூடுதல் என்பது மார்ச் மாதப் பள்ளங்களுக்குப் பெரிய லாபம்.

அப்புறம் நட். இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அலாய் ரிம்முக்கு வந்த நட்டில் தட்டையான வாஷரும் ரிம்முக்குள் இறங்கும் ஒரு தண்டும் இருக்கும். இரும்பு ரிம்மின் குழியோ கூம்பு வடிவம், வாஷர் அதைத் தொடாது. தண்டின் நுனி கொஞ்சம் சரிவாக இருப்பதால் ஸ்டெப்னி மாட்டும்போது அதே நட் போதும் என்று கையேடு சொல்கிறது, அது சரிதான். ஆனால் அந்த நுனி தொடும் இடம் மெல்லிய கோடுதான். ஐந்து மாதம், சுமையோடு, அதை நம்பி ஓட்ட நான் தயாரில்லை. எம்12 (12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கானது), மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர், 60 டிகிரி கூம்பு நட் 24 தனியாக வாங்கினேன், 45 டாலர். ஒரு நட்டைக் கையாலேயே குழிக்குள் திருகிப் பாருங்கள், ரிம் தானாக நகர்ந்து நடுவுக்கு வந்து நிற்கும்.

முறுக்கு 83 அடி-பவுண்டு, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில்தான், எதிரெதிர் நட்டாக. மரையில் எண்ணெய் தடவவில்லை. தடவினால் ரெஞ்ச் அதே 83 காட்டும்போதே ஸ்டட் (நட் ஏறும் போல்ட்) அளவுக்கு மேல் இழுபட்டிருக்கும். ஹப்பின் விளிம்பில் மட்டும் துருவைத் தேய்த்துவிட்டு மெல்லிசாக ஆன்டி-சீஸ் (துருவில் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை) தடவினேன்.

பின்பக்கம் முடிந்ததும் 30 கிலோ மணல் மூட்டை நாலு வாங்கி அச்சுக்கு மேலே போட வேண்டும், காலியாக ஓட்டினால் வால் ஆடுகிறது. அடிப்பக்கத்துக்கு ஆயில் ஸ்ப்ரேயும் அடிக்க வேண்டும், மழை இல்லாத நாளாகப் பார்க்கிறேன்.

இப்போதைக்குப் பின்பக்க இடது அலாய் ரிம் ஹப்போடு துருவில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. கட்டையை வைத்து உள்ளிருந்து சம்மட்டியால் அடித்தும் அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெய் அடித்து, நட்டைத் திரும்ப முறுக்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ஆறு நட்டையும் ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, வண்டியைக் கீழே இறக்கி, வீட்டு முன்னாலேயே இரண்டடி முன்னும் பின்னுமாக நகர்த்திப் பார்க்கப் போகிறேன்.