படிவத்தில் ஒரு கட்டம்

ஊக்கமருந்துச் சோதனைப் படிவத்தில் அகலமான ஒரு கட்டம் உண்டு. கடந்த ஏழு நாட்களில் உட்கொண்ட மருந்து, மாத்திரை, சத்துப்பொடி எதுவானாலும் அதில் எழுத வேண்டும். பதினோரு ஆண்டுகளாக மாதிரி சேகரிக்கும் அலுவலராக இருக்கும் எனக்கு, ஒரு வீராங்கனைக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள், யாருமே இல்லையா என்பதை அந்தக் கட்டம்தான் முதலில் சொல்கிறது.

உடற்கல்வி ஆசிரியையாக இருந்துகொண்டே பயிற்சி பெற்று இந்தப் பணிக்கு வந்தேன். அறிவிப்பைக் காட்டிக் கையெழுத்து வாங்கிய நொடியிலிருந்து வீராங்கனை எங்கள் கண்பார்வையை விட்டு அகலக் கூடாது. சிறுநீர் கழிப்பதையும் நேரில் பார்க்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் பெண்களுக்குப் பெண் அலுவலர். குறைந்தது 90 மில்லி தேவை. அதை அவரே ஏ, பி என்ற இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் பிரித்து ஊற்றி, தன் கையாலேயே மூடி இறுக்குவார். எடைப் பிரிவுக்காகத் தண்ணீரைக்கூட ஒதுக்கிவிட்டு வந்த மல்யுத்த வீராங்கனை ஒருவருடன் நான்கு மணி நேரம் காத்திருந்திருக்கிறேன். அப்படிக் காத்திருக்கும் நேரத்தில்தான் பேச்சு வரும். படிவத்தில் எழுதப்படாதவை பலவும் அந்தப் பேச்சில் வந்துவிடும்.

கிரிக்கெட் வாரியம் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் சோதனைக்கு உடன்பட்டது 2019 ஆகஸ்டில்தான். அதற்குப் பிறகு ஒருமுறை மகளிர் கிரிக்கெட் அணியிடம் மாதிரி எடுக்கச் சென்றேன். வீராங்கனை உட்காரும் முன்பே அணியின் மருத்துவர் தட்டச்சு செய்த ஒரு தாளை என்னிடம் நீட்டினார். வைட்டமின், வலிநிவாரணி, கண்ணுக்கு விடும் சொட்டுமருந்து வரை, தயாரிப்பு எண்ணோடு ஒன்பது வரிகள். பார்த்து எழுதிக்கொண்டேன். முப்பது நிமிடங்களில் எல்லாம் முடிந்தது.

அதே மாதத்தில் ஒரு பளுதூக்கும் போட்டிக்கும் சென்றேன். போட்டியையும் ஊரையும் சொல்வது முறையல்ல. பத்தொன்பது வயதுப் பெண். அந்தக் கட்டத்தைக் காட்டிக் கேட்டபோது, "ஒண்ணும் சாப்பிடல மேடம்" என்றாள். பிறகு தண்ணீர் குடித்துக் காத்திருந்த நேரத்தில், காலையில் பாலில் கலந்து குடிக்க மாஸ்டர், அதாவது அவளுடைய பயிற்சியாளர், ஒரு பவுடர் கொடுப்பார் என்றும், மாலையில் சில நாட்கள் மாத்திரையும் தருவார் என்றும் தானாகவே சொன்னாள். அதையும் எழுத வேண்டும் என்றேன். "அது மருந்து இல்ல மேடம், சத்து" என்றாள். பவுடர் டப்பாவின் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. அவர் அதை வேறு பாட்டிலில் மாற்றித் தருவாராம். "சத்துப்பொடி, பெயர் தெரியவில்லை" என்று எழுதினோம். அவள் கையெழுத்திட்டாள்.

ஆய்வகத்துக்குப் போவது பெயரல்ல, எண்தான். முடிவு எங்களுக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. பல மாதங்கள் கழித்துத் தடை செய்யப்பட்டவர்களின் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்தேன். தசையை வளர்க்கும் ஸ்டீராய்டு, நான்கு ஆண்டுத் தடை. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

விதி எல்லோருக்கும் ஒன்றுதான், அதில் எனக்கு ஐயமில்லை. உடலுக்குள் என்ன இருக்கிறதோ அதற்கு அந்த உடலுக்கு உரியவரே பொறுப்பு. ஆனால் அது எப்படி உள்ளே வந்தது என்று நிரூபிக்க முடிந்தவருக்குத்தான் பெரும்பாலும் தண்டனை குறையும். நிரூபிக்க டப்பா வேண்டும், ரசீது வேண்டும், வழக்கறிஞர் வேண்டும், தனியார் ஆய்வகத்துக்குக் கட்டணம் வேண்டும். 2019 பிப்ரவரியில், நாடா வருவதற்கு முன் கிரிக்கெட் வாரியமே நடத்திய சோதனையில், கிரிக்கெட் வீரர் பிரித்வி ஷாவின் மாதிரியில் மூச்சுக்குழாயை விரிக்கும் டெர்பியூட்டலின் என்ற மருந்து இருந்தது. கடையில் வாங்கிக் குடித்த இருமல் மருந்தில் இருந்து வந்தது என்ற விளக்கம் ஏற்கப்பட்டது, எட்டு மாதத் தடையோடு முடிந்தது. டெர்பியூட்டலினும் ஸ்டீராய்டும் ஒரே வகை அல்ல என்பதையும், ஸ்டீராய்டுக்குத் தொடக்கத் தண்டனையே நான்கு ஆண்டுகள் என்பதையும் நான் மறக்கவில்லை. இருந்தாலும் எந்த மருந்து, எந்தக் கடை, எத்தனை வேளை என்று சொல்ல முடிவதே ஒரு பெரிய பலம். அந்தப் பெண்ணுக்கு அது கிடைக்கவில்லை.

உலக அளவில் பேசப்பட்ட வழக்குகளைப் படிக்கும்போதும் என் கண் இந்தக் கட்டத்தைத்தான் தேடுகிறது. 1999 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் மாதிரியில், வீக்கத்தைக் குறைக்கும் வேறு வகை ஸ்டீராய்டான கார்ட்டிகோஸ்டீராய்டு காணப்பட்டது. சைக்கிள் இருக்கையில் உராய்ந்து வந்த புண்ணுக்குப் பூசிய களிம்பு என்று ஒரு மருந்துச் சீட்டு காட்டப்பட்டு விஷயம் அடங்கியது. அந்தச் சீட்டு பின்னால் எழுதி முன்தேதி இடப்பட்டது என்பது, அவருடைய ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்ட 2012இல்தான் விரிவாக வெளிவந்தது. டென்னிஸ் வீராங்கனை மரியா ஷரபோவா மெல்டோனியம் என்ற இதய மருந்தைப் பல ஆண்டுகள் உட்கொண்டவர். 2016 ஜனவரி 1 முதல் அது தடைப் பட்டியலில் சேர்ந்தது, அந்த மாதமே ஆஸ்திரேலிய ஓப்பனில் எடுத்த மாதிரியில் சிக்கினார். முந்தைய சோதனைப் படிவங்களில் அம்மருந்தை அவர் எழுதவே இல்லை என்பதைத் தீர்ப்பாயம் குறிப்பாகச் சுட்டிக்காட்டியது. உலகிலேயே சிறந்த மருத்துவர்களை அமர்த்திக்கொள்ள முடிந்தவர்களிடமும் அந்தக் கட்டம் வெறுமையாகவோ பொய்யாகவோ இருந்திருக்கிறது. ஆனால் அவர்களுக்குத் தாங்கள் எழுதாதது என்னவென்று தெரியும். என் முன்னால் உட்காரும் பிள்ளைகளில் பலருக்கு அதுவே தெரியாது.

2010 காமன்வெல்த், ஆசியப் போட்டிகள் இரண்டிலும் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற நம் மகளிர் அணியில் இருந்தவர்களில் சிலர் 2011இல் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கியபோது, உக்ரைன் நாட்டுப் பயிற்சியாளர் சீனாவிலிருந்து வாங்கி வந்த ஜின்செங் என்ற மூலிகைச் சத்தையே காரணமாகச் சொன்னார்கள். இங்கே விதித்த ஓராண்டுத் தடையை விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றம் 2012இல் இரண்டு ஆண்டுகளாக்கியது. பயிற்சியாளர் நீக்கப்பட்டார். தடைக் காலத்தின் முழுப் பாரத்தையும் ஓடியவர்களே சுமந்தார்கள்.

அமெரிக்க பேஸ்பால் வேறு வழியில் நடக்கிறது. அங்கே விதியை எழுதும்போதே வீரர்களின் சங்கம் நிர்வாகத்துக்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து பேரம் பேசுகிறது. 2003இல் பெயர் வெளியிடாமல், தண்டனை இல்லாமல் ஒரு சோதனை நடத்தி, ஐந்து சதவீதத்துக்கு மேல் சிக்கினால் மட்டுமே தண்டனையுடன் கூடிய சோதனை என்று ஒப்பந்தம் போட்டார்கள். எண்ணிக்கை அதைத் தாண்டியது. அடுத்த ஆண்டு முதல்முறை சிக்கியவருக்குத் தண்டனையாகக் கிடைத்தது சிகிச்சை மட்டும். இன்று அது 80 ஆட்டத் தடையாகியிருக்கிறது, அதாவது ஏறக்குறைய ஒரு பருவத்தின் பாதி. தளர்வான விதி என்று சக அலுவலர்கள் சொல்வார்கள், அது தளர்வுதான். சங்கத்தின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நம் பளுதூக்கும் பெண்ணுக்காக ஒரு வார்த்தை பேச எந்த மேசையிலும் யாருமில்லையே என்பதுதான் என் வருத்தம்.

நம் ஊரில் யாரும் அப்பாவி அல்லர் என்று வாதிடுவோரும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்கு நாடா அலுவலர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஆடவர் 100 மீட்டர் இறுதியில் எட்டுப் பேரில் ஒருவர் மட்டுமே ஓடினார். மற்றவர்கள் தசைப்பிடிப்பு, காயம் என்று விலகிக்கொண்டார்கள். மைதானக் கழிவறையில் ஊசிகள் கிடந்த காட்சியையும் நாடே பார்த்தது. ஒரு மாநிலப் பதக்கம் ரயில்வேயிலோ காவல்துறையிலோ ஒரு வேலையாகவும், அந்த வேலை ஒரு வீட்டின் கடனை அடைப்பதாகவும் இருக்கும் இடத்தில் ஊசிக்கு ஆள் கிடைக்காமல் போகாது. தெரிந்தே போட்டுக்கொள்பவர்களைப் பிடிக்கத்தான் நான் புட்டிகளோடு போகிறேன். அந்த வேலையில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் ஊசியை விற்றவரும் பொடியைக் கலக்கிக் கொடுத்தவரும் அதே மைதானத்தின் ஓரத்தில் நின்று அடுத்த பிள்ளைக்கு விசில் ஊதுகிறார்கள். அவர்களையும் தண்டிக்க விதியில் இடமிருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்தவரை அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

அந்தப் பெண்ணுக்குப் பிறகு என் வேலையில் ஒன்றை மாற்றிக்கொண்டேன். "மருந்து ஏதாவது?" என்று இப்போது கேட்பதில்லை. காலையில் எழுந்ததிலிருந்து வாயில் போட்ட ஒவ்வொன்றையும் கேட்கிறேன். யார் கொடுத்தார், எதில் கலந்து, எத்தனை நாளாக என்று கேட்கிறேன். நேரம் கூடுகிறது, அணி மேலாளர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

போன ஆண்டு ஒரு பள்ளி மாணவி, அம்மாவை அருகில் வைத்துக்கொண்டு, பையிலிருந்து செய்தித்தாளில் மடித்த பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். மூன்று வெள்ளை மாத்திரைகள். எழுத்தோ கோடோ எதுவும் இல்லை. "இத எழுதிட்டா தப்பு இல்லையே மேடம்?" என்று அவளுடைய அம்மா கேட்டார். எழுதுவதால் மட்டும் தப்பிவிட முடியாது, எழுதாமல் விட்டால் நாளை உங்கள் மகள் சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள் அம்மா என்றேன். அவர் சிறிது நேரம் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதச் சொன்னார். "பெயர் தெரியாத வெள்ளை மாத்திரை, நாளுக்கு ஒன்று, பயிற்சியாளர் கொடுத்தது" என்று அந்தக் கட்டத்தில் எழுதி, இருவருக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டுப் பேனாவை மகளிடம் கொடுத்தேன்.