எழுந்திருக்காத கன்று

"தம்பி, கன்னுக்குட்டி எந்திரிக்க மாட்டேங்குது, டாக்டரைக் கூட்டிட்டு வர முடியுமா?" செபராங் பிறைப் பக்கத்து மாட்டுக்கொட்டகைகளிலிருந்து எங்களுக்கு வரும் அழைப்புகளில் பல இப்படித்தான் தொடங்கும். நான் ஒரு கால்நடை மருத்துவரிடம் உதவியாளராக வேலை செய்கிறேன். பினாங்கு என்றதும் எல்லாருக்கும் தீவுதான் நினைவுக்கு வரும். எங்கள் வேலை பெரும்பாலும் பாலத்துக்கு இந்தப் பக்கம், மலேசியப் பெருநிலத்தில் இருக்கும் செபராங் பிறையில். சுங்கை பாக்காப், நிபோங் திபால், புக்கிட் மெர்தாஜம் என்று செம்பனைத் தோட்டங்களின் ஓரத்திலும் பழைய தோட்ட வீடுகளின் பின்புறத்திலும் இன்னும் மாடு வைத்திருக்கிற தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. 2014இல் இரண்டாவது பாலம் திறந்த பிறகு பத்து காவான் பக்கம் தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும் வந்துவிட்டன. மேய்ச்சல் நிலம் குறைந்தது. மாடுகள் கொட்டகைக்குள்ளேயே நிற்கும் நேரம் கூடியது. சிமெண்டுத் தரை, தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய ஈரம், அதில் ஒரு இளங்கன்று. எங்களுக்கு வரும் நோய்களில் நிறைய அந்த ஈரத்திலிருந்தே தொடங்குகின்றன.

போனிலேயே சில கேள்விகள் கேட்டுவிடுவேன். பிறந்து எத்தனை நாள்? சீம்பால் குடித்ததா? கழிச்சல் இருக்கிறதா? கடைசியாக எப்போது பால் குடித்தது? பதில் வாங்கிக்கொண்டு, "ஈரமில்லாத இடத்துக்கு மாத்துங்க. பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தா நெஞ்சு தரையில் படுற மாதிரி நிமிர்த்தி உட்கார வையுங்க. நாங்க வர்ற வரைக்கும் வாயில எதையும் ஊத்தாதீங்க" என்பேன். மூன்றாவதைத்தான் யாராலும் கேட்க முடிவதில்லை. துவண்டு கிடக்கும் குட்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு வராது. தலையை அண்ணாக்கத் தூக்கி, கரண்டியாலோ போத்தலாலோ பாலை ஊற்றிவிடுவார்கள். விழுங்கும் தெம்பில்லாத கன்றுக்கு அந்தப் பால் நுரையீரலுக்குப் போகும். பிறகு கழிச்சலோடு நிமோனியாவையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

கொட்டகைக்குப் போனதும் டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்கும்போது, என் வேலை பின்னால் தெர்மாமீட்டர் வைப்பதும் வாய்க்குள் விரல் விட்டுப் பார்ப்பதும். விரலை நாக்கின் மேல் வைத்து மேலண்ணத்தை மெதுவாகத் தேய்த்தால், தெம்புள்ள கன்று உடனே சுருட்டிப் பிடித்துச் சப்பும். சொரசொரப்பான நாக்கு விரலை இழுக்கும். சோர்ந்த கன்று மெல்லக் கடிக்கும், சப்பாது. ரொம்ப மோசமான கன்றின் வாய் குளிர்ந்திருக்கும், விரல் உள்ளே இருப்பதே அதற்குத் தெரியாது. இந்த மூன்று நிலையும் என் விரலுக்குப் பழகிவிட்டது. அடுத்து என்ன செய்வது என்பதில் பெரும்பகுதி இதை வைத்தே முடிவாகிறது.

கன்றின் இயல்பான உடல் சூடு ஏறக்குறைய 38.5 முதல் 39.5 டிகிரி வரை. 37க்குக் கீழே இறங்கியிருந்தால் முதலில் சூடு, அப்புறம்தான் பால். குளிர்ந்த உடம்பில் குடல் வேலை செய்யாது, உள்ளே போன பால் அப்படியே தேங்கிக் கெட்டுப்போகும். "நம்ம ஊர் வெயிலில் குட்டிக்குக் குளிருமா?" என்று கேட்பார்கள். குளிரும். நனைந்த ரோமம், வெறும் வயிறு, சிமெண்டுத் தரை மூன்றும் சேர்ந்தால் பினாங்கின் இரவே போதும். சாக்கால் அழுத்தித் துடைத்து, வீட்டுப் பெண்கள் தலைமுடி காய வைக்கும் டிரையரை வாங்கி ரோமத்தின் வேர் வரைக்கும் காய வைப்போம். மினரல் வாட்டர் போத்தல்களில் சுடுதண்ணீர் நிரப்பி, துண்டில் சுற்றி, முன்தொடை இடுக்கிலும் வயிற்றோரமும் வைப்போம். கை பொறுக்கிற சூடுதான், அதற்கு மேல் வேண்டாம். வைக்கோலுக்குப் பக்கத்தில் விளக்கைத் தொங்கவிட்டுச் சூடேற்றுவது ஆபத்து. அதை டாக்டர் பார்த்தால் உடனே கழற்றச் சொல்லிவிடுவார்.

கழிச்சலால் விழுந்த கன்றுகளில் ஒரு விஷயம் எனக்கு இன்றும் வியப்பு. தண்ணீர் வற்றியதால்தான் விழுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான். அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் உப்பும் சாணத்தோடு வெளியேறிவிடும், அதனால் இரத்தத்தில் அமிலம் கூடிவிடும். கண் அவ்வளவாகக் குழிவிழாமல், கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் ஓரளவு சரியாகவே திரும்பினாலும், கன்று குடித்துக் கிடப்பவனைப் போலத் தள்ளாடும், பிறகு விழும். ஒரு வாரம் தாண்டிய கன்றுகளில் இதை அதிகம் பார்க்கலாம். அப்படிப்பட்ட கன்றுக்கு டாக்டர் கணக்குப் பார்த்து நரம்பு வழியாக பைகார்பனேட்டும் குளுகோசும் ஏற்றுவார். கொஞ்ச நேரத்தில் காது அசையும். சில மணி நேரத்தில் தலை தூக்கிச் சப்பத் தேடும். நேற்று முழுக்கச் செத்ததுபோல் கிடந்தது என்று சொன்னவர்கள் வாயில் கை வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

அதற்குப் பிறகு வருவதுதான் நீண்ட வேலை. ஊசியும் மருந்தும் எங்கள் வேனோடு வந்து எங்கள் வேனோடு போய்விடும். இரவெல்லாம் அந்தக் குட்டியோடு இருக்கப் போவது வீட்டுக்காரர்கள்தான். எத்தனையோ கொட்டகைகளைப் பார்த்த பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை: படுத்த கன்றை எழுப்புவது பக்கத்தில் இருந்து பார்க்கிற கைகளே.

கழிச்சல் என்றால் பாலை நிறுத்த வேண்டும் என்ற நம்பிக்கை எங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. பாலால்தான் வயிறு போகிறது என்று பெரியவர்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நோயோடு போராடும் கன்றுக்குப் பட்டினியும் சேர்ந்தால் எங்கிருந்து எழும்? உப்பு-குளுகோஸ் கரைசலில் தண்ணீரும் உப்பும் ஈடாகும், உடம்பு வளர்க்க அது போதாது. கன்று சப்பத் தொடங்கிவிட்டால் பாலையும் கொடுக்க வேண்டும், இடையிடையே கரைசலையும் கொடுக்க வேண்டும். 30 கிலோ கன்றுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் பால், அதைச் சின்னச் சின்ன வேளைகளாகப் பிரித்து. இதைச் சொல்லும்போது வீட்டுக்காரர் முகத்தில் ஒரு கணக்கு ஓடும். 3 லிட்டர் பால் என்பது அவர்களுக்குக் காசு.

தைப்பூச வாரத்தில் அந்தக் கணக்கு இன்னும் கடினமாகிவிடும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவார்கள். பசும்பால் எங்கே கிடைக்கும் என்று எனக்கே போன் வரும். கடவுளுக்குப் போகிற பால், வருமானமும் வருகிற பால். கன்றுக்கு விடும் பங்கு அந்த வாரம் சுருங்கும். அந்த வாரத்தில் ஈன்ற மாட்டின் சீம்பாலில் இனிப்பு செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கிற வழக்கமும் இருக்கிறது. வெல்லம், ஏலக்காய் போட்டு வேக வைத்தால் அத்தனை ருசி, எனக்கும் பிடிக்கும். ஆனால் மாட்டின் வயிற்றில் இருக்கும்போது தாயிடமிருந்து நோய் எதிர்ப்புப் புரதம் கன்றுக்குப் போவதில்லை. எல்லாம் சீம்பாலில்தான் வருகிறது. அதை உறிஞ்சிக்கொள்ளும் கதவு கன்றின் குடலில் பிறந்த முதல் சில மணி நேரம்தான் நன்றாகத் திறந்திருக்கும், ஒரு நாளுக்குள் மூடிவிடும். முதல் 6 மணி நேரத்துக்குள் வயிறு நிறையக் குடித்துவிட்டால், மிச்சத்தில் எத்தனை வீட்டுக்கும் இனிப்பு கொடுக்கலாம். இதை நான் எந்தக் கொட்டகையிலும் சொல்லாமல் வருவதில்லை.

அப்படியொரு தைப்பூச வாரத்தில்தான் சுங்கை பாக்காப் பக்கம் ஒரு அக்காவின் கொட்டகைக்குப் போனோம். சாஹிவால் இனக் கலப்புக் கிடேரிக் கன்று, செவலை நிறம், நெற்றியில் வெள்ளை. கழிச்சலில் விழுந்து ஒரே பக்கமாகக் கிடந்திருந்தது. டாக்டர் ஏற்ற வேண்டியதை ஏற்றினார், சாணத்தைப் பரிசோதனைக்காக புக்கிட் தெங்கா கால்நடை ஆய்வகத்துக்கு எடுத்து வைத்தார். கன்று தலை தூக்கியது, சப்பியது, ஆனால் எழவில்லை. கிடந்த பக்கத்துத் தொடைத் தசை மரத்திருந்தது. கன்றின் சொந்த எடையே கீழ்ப்பக்கத் தசையை நசுக்கும், கன்று சின்னது என்றாலும்.

அக்காவிடம் நான் சொன்னது அதிகமில்லை. பெனாகா பக்கத்து வயலிலிருந்து வந்த வைக்கோல் அவர்களிடம் இருந்தது. அதைத் தடிமனாகப் பரப்பி, இரண்டு பக்கமும் சுருட்டிய சாக்கை முட்டுக் கொடுத்து, நெஞ்சு தரையில் படும்படி வைத்தோம். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். மூத்திரம் பட்ட தோலை உடனே துடைத்து உலர்த்த வேண்டும், இல்லையென்றால் தோல் வெந்து புண்ணாகிவிடும். கால்களை மெதுவாக மடக்கி நீட்டித் தேய்த்துவிட வேண்டும். சாணியைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் வீட்டுக் குழந்தைகளிடம் போகக் கூடாது, கன்றுக் கழிச்சலில் சில கிருமிகள் மனிதருக்கும் வரும்.

அக்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டுக்கொண்டார். மறுநாள் போனபோது வைக்கோல் புதிது, சாக்குகள் புதிது, கன்றின் பின்தொடையில் ஈரமே இல்லை. அவருடைய மாமியார் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு வைத்திருந்தார், ஒவ்வொரு முறை திருப்பியதற்கும் ஒரு கோடு. யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. தைப்பூச ஆர்டர் பால் அளக்கும் முன்பே கன்றின் பங்கை ஒரு தூக்குச் சட்டியில் தனியாக எடுத்து மூடி வைத்திருந்தார்கள். "முருகனுக்கு மிச்சத்துல போதும், தம்பி. அவரு கோவிச்சுக்க மாட்டாரு" என்றார் அந்தப் பாட்டி.

பழைய சாரோங் ஒன்றை வயிற்றுக்குக் கீழே கொடுத்து, நானும் அக்காவின் மகனும் இரண்டு பக்கமும் பிடித்து கன்றைத் தூக்கினோம். குளம்பு தரையில் பட, எடை கொஞ்சமாகக் காலில் இறங்க வேண்டும். முழுக்கத் தொங்கவிட்டால் மூச்சு முட்டும். மாட்டினம் எழும்போது பின்பக்கம்தான் முதலில் எழும், முன்கால் முட்டி போட்டபடி இருக்கும். அது தெரியாமல் முன்பக்கம் இழுத்துத் தூக்குபவர்கள் உண்டு. இந்தக் கன்று இரண்டாம் நாள் பின்புறத்தைத் தூக்கி, முட்டியில் நின்று, சறுக்கி விழுந்தது. பாட்டி கைதட்டினார். விழுந்தாலும் அது நல்ல சேதி, தானாக முயன்றிருக்கிறதே!

எல்லாக் கன்றும் இப்படி வராது. தொப்புள் வழியாகக் கிருமி ஏறி மூட்டுகள் வீங்கிச் சீழ் கட்டிய கன்று, முதுகெலும்பு முறிந்த கன்று, நாட்கணக்கில் சப்பவே மறந்த கன்று என்றால் டாக்டர் உட்கார்ந்து பேசுவார். வலியில் இழுத்துக்கொண்டிருப்பதை அவர் நீட்டிக்க விடமாட்டார். பசுவைத் தாயாக நினைக்கும் வீடுகளில் அந்தப் பேச்சு சுலபமாக நடக்காது, அழுகை வரும், கோபமும் வரும். அவசரப்படுத்தாமல் வலியை விளக்கிச் சொல்வதே சரி என்று நினைக்கிறேன். இத்தனை நேரம் குட்டியைத் திருப்பித் திருப்பிப் படுக்க வைத்தவர்களுக்கு அந்த மரியாதை வேண்டும்.

செவலைக் கன்று நின்றது. பின்கால் கொஞ்சம் அகட்டி, தள்ளாடி, பிறகு நேராக. தாயிடம் விடுவதற்கு முன் டாக்டர் தொப்புளைத் தடவிப் பார்த்தார், வீக்கமில்லை. கணக்கை முடித்துக் கிளம்பும்போது அக்கா அடுத்த மாட்டைக் காட்டினார். மடி இறங்கியிருந்தது, ஒரு வாரத்தில் ஈனும் போலிருந்தது. தண்ணீர் ஓடாத மூலையில் அதற்கு இடம் ஒதுக்கச் சொல்லி, தொப்புளுக்குத் தடவ அயோடின் போத்தல் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தோம்.