‘அன்ஃபிட்’ என்று அறிக்கை வந்த பிறகு

அரசுப் பேருந்து ஓட்டுநருக்குக் கையோ காலோ கண்ணோ போய்விட்டால் வேலையும் போய்விடும் என்றுதான் எங்கள் பணிமனையில் பலர் இன்றும் நினைக்கிறார்கள். “மெடிக்கல் போர்டுல அன்ஃபிட் போட்டுட்டாங்களா? அப்போ செட்டில்மென்ட் வாங்கிட்டுப் போக வேண்டியதுதான்” என்பது ஷெட்டில் சர்வசாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. அது உண்மையில்லை. என் வேலை எப்படி நிலைத்தது என்பதை எழுதிவைத்தால் இதே நிலைமையில் மாட்டிக்கொண்ட யாருக்காவது பயன்படும்.

வார ஓய்வு நாளில், வீட்டுக்குப் பக்கத்திலேயே, பைக்கில் போகும்போது லாரி மோதியது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காயம் ஆறி, சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் செயற்கைக் கால் பொருத்தி நடக்கப் பழகியதெல்லாம் தனிக் கதை. இருந்த விடுப்பெல்லாம் தீர்ந்து சம்பளமில்லாத விடுப்பில் ஓடிக்கொண்டிருந்தபோது நிர்வாகம் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பியது. கனரக வாகனம் ஓட்டத் தகுதியில்லை என்று அறிக்கை வந்தது. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கிளட்ச் மிதிக்கும் கால் இல்லாமல் ஒரு வண்டி ஜனத்தை ஏற்றிக்கொண்டு போக நானே சம்மதிக்க மாட்டேன்.

அறிக்கை வந்த கையோடு பணியாளர் பிரிவில் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். என் பெயர், பணி எண், ‘உடல்நிலை காரணமாக நானே முன்வந்து விருப்ப ஓய்வு பெற விரும்புகிறேன்’ என்ற வாக்கியம் எல்லாம் தட்டச்சாகித் தயாராக இருந்தது. தேதிக்கும் கையெழுத்துக்கும் மட்டும் இடம் விட்டிருந்தார்கள். “அண்ணே, போட்டுடுங்க. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சீக்கிரம் கைக்கு வந்துடும். இழுத்தீங்கன்னா உங்களுக்குத்தான் கஷ்டம்” என்றார் அங்கிருந்த தம்பி. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே எங்கள் சங்கத்தைச் சேர்ந்த, ஓய்வு பெற்ற நடத்துநர் அண்ணன் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். “தம்பி, இதுல மட்டும் சைன் போட்டுடாத. நீயா போனா சட்டம் உன்னைக் காப்பாத்தாது” என்று சொல்லி ஒரு ஜெராக்ஸைக் கொடுத்தார். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. அதில் 20-வது பிரிவின் 4-வது உட்பிரிவைப் பேனாவால் கட்டம் போட்டிருந்தார்.

பணிக்காலத்தில் உடல் குறைபாடு ஏற்பட்டவரை எந்த அரசு நிறுவனமும் வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே ஊதிய விகிதமும் அதே பணிப் பலன்களும் உள்ள வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு இடம் காலியாக இல்லையென்றால் அவருக்காகவே கூடுதலாக ஒரு பணியிடத்தை உருவாக்கி, பொருத்தமான இடம் வரும்வரை அல்லது ஓய்வு வயது வரும்வரை அதில் வைத்திருக்க வேண்டும். அந்த உட்பிரிவின் சாரம் இவ்வளவுதான். 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலும் 47-வது பிரிவாக இதே பாதுகாப்பு இருந்திருக்கிறது. அத்தனை வருஷம் எத்தனை பேர் இது தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மறுநாளே, விருப்ப ஓய்வு வேண்டாம், 20(4)-இன்படி மாற்றுப் பணி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். தபால் பிரிவில் வாங்கிக்கொண்டார்கள், ஆனால் நகலில் சீல் வைக்க மாட்டோம் என்றார்கள். அதனால் அதே மனுவை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். பின்னால் ‘மனுவே வரவில்லை’ என்ற பேச்சு வந்தபோது அந்த அட்டைதான் கைகொடுத்தது.

வாய்மொழியாக வந்த பதில்கள் மூன்று விதம். விபத்து டூட்டியில் நடக்கவில்லையே என்றார்கள். சட்டம் அதைக் கேட்கவே இல்லை, வேலையில் இருக்கிற காலத்தில் குறைபாடு ஏற்பட்டிருந்தால் போதும். இது போக்குவரத்துக் கழகம், அரசுத் துறை இல்லையே என்றார்கள். அரசுக்குச் சொந்தமான, அரசின் கட்டுப்பாட்டில் உள்ள அமைப்புகளும் அரசு நிறுவனம்தான் என்று அதே சட்டத்தின் 2-வது பிரிவு சொல்கிறது. காலியிடம் இல்லை என்றார்கள். அதற்குத்தான் கூடுதல் பணியிடம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். நான் பத்தாவது வரை படித்தவன். எனக்கே புரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்த சட்டம் அங்கே யாருக்கும் புரியவில்லை என்பதை நம்ப முடியவில்லை.

அப்புறம் 23-வது பிரிவு. ஒவ்வொரு அரசு நிறுவனமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்திருக்க வேண்டும், புகாரை அவர் இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். எங்கள் நிறுவனத்தில் அவர் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன்: குறைதீர் அலுவலர் பெயர் என்ன, 21-வது பிரிவின்படி வெளியிட்டிருக்க வேண்டிய சமவாய்ப்புக் கொள்கையின் நகல் எங்கே? இரண்டுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரே வரியில் பதில். அந்த ஒரு வரி எனக்கு நல்ல சாட்சியமாகிவிட்டது.

அதையெல்லாம் சேர்த்து மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மனுப் போட்டேன். அலுவலகம் சென்னை காமராஜர் சாலையில், லேடி வெலிங்டன் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. வக்கீல் கட்டாயமில்லை. மருத்துவச் சான்று, போர்டு அறிக்கை, அந்த விருப்ப ஓய்வுத் தாள், தபால் அட்டை, தகவல் உரிமைப் பதில் என்று எல்லாவற்றுக்கும் எண் போட்டு இணைத்தேன். உச்ச நீதிமன்றம் 2003-இல் குணால் சிங் வழக்கில் சொன்னதையும் குறிப்பிட்டேன். அவர் ஒரு கான்ஸ்டபிள், காலை எடுத்ததால் வேலையை விட்டு அனுப்பப்பட்டவர். இயலாமை ஓய்வூதியம் கொடுத்துவிட்டோம் என்பதைக் காட்டி இந்தப் பாதுகாப்பை மறுக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘பணம்தான் கொடுக்கிறோமே’ என்று சொல்பவர்களுக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அதனால் விசாரணைக்கு நிர்வாகத் தரப்பில் ஆள் வந்தார். வந்தவர், ‘ஹெல்பர் பணி கொடுக்கத் தயார்’ என்றார். என் மனைவி என் கையை அழுத்தினாள், ஏதோ ஒரு வேலை கிடைத்தால் போதும் என்ற நிலைமையில்தான் வீடு இருந்தது. ஆனால் ஹெல்பர் என்றால் ஆரம்பச் சம்பளம். அடிப்படை ஊதியம் இறங்கினால் பஞ்சப்படி, பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாமே இறங்கும். “ஐயா, எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறேன். சம்பளம் ஓட்டுநர் சம்பளமாக இருக்க வேண்டும், சட்டம் அப்படித்தான் சொல்கிறது” என்றேன். மாற்றுப் பணி வாங்கியவர்கள் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வேலை கிடைத்த சந்தோஷத்தில் ஊதிய விகிதத்தைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அதே ஊதிய விகிதத்தில் மாற்றுப் பணி தர வேண்டும், சம்பளமில்லாமல் கழிந்த காலத்தை முறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. சட்டப்படி இது பரிந்துரைதான். ஆனால் எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும், ஏற்கவில்லை என்றால் காரணத்தை ஆணையருக்கும் எனக்கும் சொல்ல வேண்டும். காரணம் எழுதுவது கஷ்டம் என்பதாலோ என்னவோ, கெடு முடிவதற்குள் பணி ஆணை வந்துவிட்டது.

இப்போது பணிமனை டிக்கெட் பிரிவில் இருக்கிறேன். நடத்துநர்களுக்கு மெஷின் கொடுத்து வாங்குவது, கணக்குச் சரிபார்ப்பது. அடிப்படை ஊதியம் பழையபடியே வருகிறது, ஆண்டு ஊதிய உயர்வும் சேர்ந்துவிட்டது. பேட்டா கிடையாது, அது வண்டி ஓட்டினால்தான், சரி. சம்பளமில்லாத மாதங்களுக்கான நிலுவை இன்னும் வரவில்லை, நினைவூட்டல் கடிதம் போட்டிருக்கிறேன். பணிமனைக் கழிப்பறைக்கு மூன்று உயரமான படிகள், பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. மழை நாளில் செயற்கைக் காலோடு ஏறுவது ஆபத்து. வேலை செய்ய ஏற்ற வசதி செய்து தருவதும் அதே 20-வது பிரிவின்படி நிறுவனத்தின் கடமை என்பதால், சாய்தளமும் கைப்பிடியும் கேட்டு அடுத்த மனுவைப் போன வாரம் கொடுத்தேன். இந்தத் தடவை நகலில் சீல் வைத்துக் கொடுத்தார்கள்.