கிடங்கு வேலையோடு ஓடூ தேர்வு: ஸ்டாக், பார்கோடு பகுதிகளைப் படித்த விதம்

பிறையில் மளிகைச் சரக்கு இறக்குமதி செய்யும் நிறுவனம் ஒன்றின் கிடங்கில் வேலை செய்கிறேன். பருப்பு, மிளகாய்த்தூள், ஊறுகாய், அப்பளம் எல்லாம் பட்டர்வொர்த்தில் கன்டெய்னரில் இறங்கி எங்களிடம் வரும். இங்கிருந்து பினாங்குத் தீவில் உள்ள லிட்டில் இந்தியா கடைகளுக்கும் சுங்கைப்பட்டாணிக்கும் லாரியில் போகும். நிறுவனம் ஓடூ (Odoo) என்ற வணிக மேலாண்மை மென்பொருளுக்கு மாறியபோது அதன் ஃபங்ஷனல் சான்றிதழ் தேர்வை, அதாவது மென்பொருளைப் பயன்படுத்தத் தெரியுமா என்று பார்க்கும் தேர்வை, எழுதித் தேறினேன். "எப்படிக்கா படிச்சீங்க?" என்று ஸ்டோரில் இருக்கும் தம்பி தங்கைகள் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் பதிப்பைப் பாருங்கள். ஓடூ ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வெளியிடும். ஒவ்வொரு பதிப்புக்கும் தனித் தேர்வு. வேலையில் 16ஐ வைத்துக்கொண்டு 18க்கு எழுதினால் சில மெனுக்கள் வேறு இடத்தில் இருக்கும். அதிகாரபூர்வ ஆவணத்தின் மேற்புறத்தில் பதிப்பை மாற்றிப் படிக்கலாம். யூடியூப் காணொளிகளிலும் எந்தப் பதிப்பு என்று பார்த்த பிறகே உட்காருங்கள்.

கேள்விகள் எல்லாம் ஆப்ஜெக்டிவ். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்வோர்தான் அதிகம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஸ்டாக் பகுதியில் வரும் கேள்விகளில் பெரும்பாலானவற்றை ஒரே ஒரு விஷயத்தை வைத்துப் பிடித்துவிடலாம்: சரக்கு எங்கிருந்து எங்கே போகிறது?

ஓடூவில் சரக்கு திடீரென்று முளைப்பதில்லை, காணாமலும் போவதில்லை. இடம் மட்டும் மாறும். சப்ளையர் ஓர் இடம், வாடிக்கையாளர் ஓர் இடம், உடைந்த பாட்டிலைத் தள்ளிவிடும் ஸ்கிராப் ஓர் இடம். கணக்கில் 120 பாக்கெட், ஸ்டாக் எடுக்கும்போது கையில் 118 என்று வைத்துக்கொள்வோம். அந்த 2 பாக்கெட்டும் ரேக்கிலிருந்து 'இன்வென்டரி அட்ஜஸ்ட்மெண்ட்' என்ற கற்பனை இடத்துக்கு நகர்ந்ததாகப் பதிவாகும். எண்ணும்போது 123 இருந்தால் அங்கிருந்து 3 பாக்கெட் ரேக்குக்கு வரும். படிக்கும்போது ஒவ்வொரு கேள்விக்கும் காகிதத்தில் ஓர் அம்புக்குறி போட்டுப் பாருங்கள். பாதி விடை அதிலேயே தெரிந்துவிடும்.

உதாரணத்துக்கு, சரக்கு வரவை இரண்டு படியாக வைத்திருக்கிறார்கள்: லாரியிலிருந்து 'இன்புட்', இன்புட்டிலிருந்து 'ஸ்டாக்'. முதல் படி முடிந்துவிட்டது, இரண்டாவது முடியவில்லை. கையிருப்பு கூடியிருக்குமா? கூடியிருக்கும். இன்புட்டும் கிடங்குக்குள் இருக்கும் இடம்தானே. அப்படியானால் உடனே டெலிவரிக்கு ஒதுக்கலாமா? முடியாது. டெலிவரி 'ஸ்டாக்' என்ற இடத்திலிருந்தும் அதற்குள் அடங்கும் ரேக்குகளிலிருந்தும்தான் எடுக்கும். இன்புட் அதற்குள் அடங்காமல் அதன் பக்கத்தில் இருக்கும் இடம். "ஸ்டாக் காட்டுது, ஆனா டி.ஓ. (டெலிவரி ஆர்டர்) போட முடியலையே" என்று காலையில் டிரைவர் அண்ணன் வந்து நிற்பாரே, பல நேரம் காரணம் இதுதான். மூன்று படியானால் நடுவில் தரப் பரிசோதனை வரும். அனுப்பும் பக்கமும் இப்படித்தான்: எடு, கட்டு, அனுப்பு.

எண்களைக் குழப்பிக் கேட்பார்கள். கையில் 40 கார்ட்டன். உறுதி செய்த ஆர்டர் ஒன்றுக்கு 25 ஒதுக்கியாகிவிட்டது. சப்ளையரிடமிருந்து 30 வரவேண்டும். இப்போது விற்க முடிந்தது 15, வரவேண்டியதையும் சேர்த்த முன்கணிப்பு 45. சரக்கு குறைந்தால் மறுபடி வாங்கச் சொல்லும் மீள்கொள்முதல் விதி கையிருப்பைப் பார்க்காமல் முன்கணிப்பைப் பார்க்கும். இந்த ஒரு வரி தெரிந்தால் அந்த விதியைப் பற்றிய கேள்விகள் எளிது.

அப்புறம் பார்கோடு. ஸ்கேனர் பெரிய மந்திரப் பெட்டி ஒன்றும் இல்லை. பெரும்பாலானவை கீபோர்டு மாதிரி வேலை செய்பவை: கோட்டைப் படித்து எண்களை வேகமாகத் தட்டி, கடைசியில் என்டர் போடும். நோட்பேடைத் திறந்துவைத்து ஓர் ஊறுகாய் பாட்டிலை ஸ்கேன் செய்து பாருங்கள், தெரியும். ஸ்கேனர் இல்லாவிட்டால் கைப்பேசி கேமராவே போதும், பார்கோடு செயலி அதையும் ஏற்கும்.

13 இலக்க எண்ணில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. முதல் 12 இலக்கத்தை இடமிருந்து 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள். 955000000001 என்றால் 9, 15, 5, கடைசியில் 3, மொத்தம் 32. அடுத்த பத்தின் மடங்கு 40, ஆக சரிபார்ப்பு இலக்கம் 8. தேர்வுக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் சப்ளையர் தப்பான எண் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் பிடித்துவிடலாம். இன்னொன்று, 955 என்று தொடங்கினால் மலேசியாவில் செய்தது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். பார்கோடு எண்களை வழங்கும் ஜிஎஸ்1 அமைப்பின் மலேசியக் கிளை வழியாக எண் வாங்கிய நிறுவனம் என்பதுதான் அதற்கு அர்த்தம். சரக்கு எங்கு வேண்டுமானாலும் செய்ததாக இருக்கலாம்.

கார்ட்டன் மேல் ஒட்டியிருக்கும் நீளமான ஜிஎஸ்1 கோட்டில்தான் விஷயம் இருக்கிறது. (01) என்றால் பொருள் எண், (17) என்றால் காலாவதித் தேதி, (10) என்றால் பேட்ச், (37) என்றால் எண்ணிக்கை. 17க்குப் பிறகு 260930 என்று வந்தால் 2026 செப்டம்பர் 30. அடைப்புக்குறி நாம் படிப்பதற்காக அச்சிட்டது. கோட்டுக்குள் அது கிடையாது. தேதிக்கு 6 இலக்கம் என்று நிலையான நீளம் உண்டு. பேட்ச் எண்ணுக்கு அப்படி இல்லை. அதற்குப் பிறகு வேறு தகவல் வந்தால் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்புக்குறி வேண்டும். ஸ்கேனர் அதை அனுப்பாவிட்டால் எண்ணிக்கையும் பேட்ச் எண்ணோடு ஒட்டிக்கொண்டு 'பி20737120' என்று ஒரே பேட்ச்சாக விழும். ஆகவே ஓடூவில் பார்கோடு விதித்தொகுப்பை ஜிஎஸ்1க்கு மாற்றினால் மட்டும் போதாது, ஸ்கேனரிலும் அந்த அமைப்பைப் பார்க்க வேண்டும். இதை ஒரு முறை கையால் செய்து பார்த்தவருக்குக் கேள்வி எப்படி வந்தாலும் கவலை இல்லை.

உணவுச் சரக்கில் இருப்பவர்கள் தேதிகளைக் கவனமாகப் படியுங்கள். ஓடூவில் நான்கு உண்டு: காலாவதி, 'இதற்கு முன் உண்ணச் சிறந்தது', அகற்றும் தேதி, எச்சரிக்கைத் தேதி. முதலில் காலாவதியாவதை முதலில் எடுக்கும் ஃபெஃபோ முறை, பெயரைப் பார்த்தால் காலாவதித் தேதியைப் பார்க்கும் போலத் தோன்றும். அது பார்ப்பது அகற்றும் தேதியை. நல்ல பொறி.

கிடங்கு ஆட்கள் சறுக்குவது கணக்கில். ஃபிஃபோ (முதலில் வந்தது முதலில் போகும்) என்ற சொல் இரண்டு இடத்தில் வரும். எந்த பேட்ச்சை ரேக்கிலிருந்து எடுப்பது என்பது ஒன்று, விற்ற சரக்கின் அடக்கவிலையை எப்படிப் போடுவது என்பது வேறு. இரண்டையும் பொருள் வகையிலேயே அமைப்பதால் ஒன்றென்று தோன்றும். ஃபெஃபோவில் எடுத்துவிட்டு சராசரி விலையில் கணக்குப் போடலாம், தடை எதுவும் இல்லை. 100 பாக்கெட் 5 ரிங்கிட்டுக்கும் பிறகு 50 பாக்கெட் 6.50க்கும் வாங்கி, 120 விற்றால் சராசரி முறையில் அடக்கம் 660 ரிங்கிட், ஃபிஃபோவில் 630, நிலையான விலையை 5 என்று வைத்திருந்தால் 600. இதை நீங்களே போட்டுப் பாருங்கள். வராவிட்டால் வரும்வரை தேர்வுக்குப் பணம் கட்டாதீர்கள்.

பயிற்சிக்கு 15 நாள் இலவசச் சோதனைக் கணக்கு கிடைக்கும். அதில் மேசை, நாற்காலி என்று மாதிரிச் சரக்கு இருக்கலாம். அதை விட்டுவிட்டு உங்கள் கிடங்கையே கட்டுங்கள். உங்கள் ரேக் பெயர்கள், உங்கள் சப்ளையர், நேற்று வந்த டி.ஓ. பார்கோடு செயலி கட்டணம் கட்டும் எண்டர்பிரைஸ் பதிப்பில்தான் உண்டு, இலவச கம்யூனிட்டி பதிப்பில் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். 'சரிபார்', 'ரத்து செய்' போன்ற கட்டளைகளுக்கான பார்கோடு தாளை அச்சிட்டு, திரையைத் தொடாமலே ஒரு வரவை முழுதாக முடித்துப் பாருங்கள். 10 கேட்டு 7 வந்தால் மீதி 3க்கு பேக்ஆர்டர் (பிறகு வரவேண்டியதாகத் தனிப் பதிவு) போட்டால் என்ன ஆகும், போடாவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டையும் செய்யுங்கள்.

விற்பனை, கொள்முதல், உற்பத்தி, கணக்கு எல்லாம் சேர்ந்ததுதான் தேர்வு. நேரம் ஓடும். ஸ்டாக் கேள்விகளை வேகமாக முடித்துவிட்டு, தெரியாத பாடத்துக்கு நிமிடங்களை மிச்சம் பிடியுங்கள்.

பயிற்சி வகுப்புக்குப் போக நினைத்தால் முதலில் எச்ஆர் அலுவலகத்தில் கேளுங்கள். உங்கள் முதலாளி எச்ஆர்டி கார்ப்புக்கு (மலேசியாவின் மனிதவள மேம்பாட்டுக் கழகம்) லெவி, அதாவது பயிற்சி நிதிக்கான கட்டணம், கட்டுபவராக இருந்தால் கட்டணத்தை அதிலிருந்து கோரலாம். விண்ணப்பம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே போக வேண்டும், ரசீதை வைத்துக்கொண்டு பிறகு கேட்டால் கிடைக்காது.