பயத்தங்காய் முடிஞ்ச பாத்தியை உடனே கொத்தாதீங்க

எங்க அடுக்குமாடி புளோக் கம்யூனிட்டி கார்டன்ல பயத்தங்காய் சீசன் முடிஞ்சா எல்லாரும் பண்றது ஒண்ணுதான், கொடியை வேரோட பிடுங்கி குப்பைப் பையில கட்டிட்டு மண்ணை ஆழமா கொத்திப் போட்டு ரெண்டு வாரம் சும்மா விட்டுடுவாங்க. அப்புறம் பக்கத்து பாத்தி அங்கிள், "பயறு போட்டா மண்ணுக்கு உரம்னு சொல்வாங்களேம்மா, கீரை ஏன் அடி இலையெல்லாம் மஞ்சளா நிக்குது?"ன்னு கேக்குறாரு.

உரம்தான் அங்கிள், ஆனா அது எங்க இருக்குன்னு பாக்கணும்ல. வேர்ல குட்டி குட்டியா முடிச்சு இருக்கும், ஒண்ணை நகத்தால கிள்ளிப் பாருங்க, உள்ள ரோஸ் கலரா இருந்தா ரைசோபியம்ங்கிற பாக்டீரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம். அது காத்துல இருந்து பிடிச்ச நைட்ரஜன்ல பெரும்பங்கு காயோட நம்ம குழம்புக்கு வந்துடுது, மிச்சம் இலையிலயும் வேர்லயும், அதையும் பையில கட்டிட்டா மண்ணுக்கு என்னத்த குடுத்தோம்?

அடுத்தது கொத்துறது. கொத்தினா காத்து உள்ள போகும், நுண்ணுயிர் மக்கை வேகமா தின்னு நைட்ரேட்டா, அதாவது செடி உறிஞ்சுற நைட்ரஜன் சத்தா விடும், ஆனா நைட்ரேட் மண்ணுல ஒட்டாது. வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல மழை கொட்டுற ஊர்ல வெறும் பாத்தியில அது எத்தனை நாள் தங்கும்? குளிர் நாட்டுல உழாம விட்டா மண்ணு சூடாக லேட்டாகி சத்து மெதுவா வரும்னு கஷ்டப்படுவாங்க, நமக்கு அந்தப் பிரச்சினையே இல்ல, இங்க கொத்தாமலே தன்னால மக்கிடும்.

அதுக்காக உழவே கூடாதுன்னு சொல்ல வரல. தஞ்சாவூர் பக்கம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே நிக்கிற நெல்லுக்குள்ள உளுந்து, பச்சைப்பயறைத் தெளிச்சிடுவாங்க, உழவே இல்ல, இருக்கிற ஈரத்துலயே முளைச்சிடும். அதே ஊர்ல உரத்துக்காகவே வளக்குற தக்கைப்பூண்டுச் செடியை பூக்குற சமயத்துல மடக்கி உழுவாங்க, ஏன்னா முழுச்செடியும் மண்ணுக்குள்ள போகுது, அடுத்து நடுற நாத்து அந்த சத்தை வாங்கிக்கும். ஆக அடுத்த பயிர் தயாரா இருக்கான்னு பாத்துட்டுதான் மண்ணைக் கிளறணும்.

நான் கொடியை அடியில வெட்டிடுவேன், வேர் உள்ளயே கிடக்கும், இலையை நறுக்கி மேல போட்டு அந்த வாரமே கங்கோங் கீரை நட்டுடுவேன். காய்ஞ்ச சருகை மட்டும் மண்ணுக்குள்ள புதைச்சிடாதீங்க, அதை மக்க வைக்க நுண்ணுயிரே இருக்கிற நைட்ரஜனை எடுத்துக்கும், கீரைக்கு பட்டினி. பயறு விதைக்கிறப்போ கோழி எருவையும் அள்ளிக் கொட்டாதீங்க, சும்மா கிடைக்கும்போது செடி எதுக்கு தன் சர்க்கரையை செலவு பண்ணி பாக்டீரியாவுக்கு சோறு போடப்போகுது, முடிச்சே சரியா வராது.