கடைசிக்கால உபதேசத் தாளுக்கு எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

இறையியல் படிப்பவர்கள் பலர் கிறிஸ்துவின் வருகை, உலகத்தின் முடிவு பற்றிய இந்தத் தேர்வுத் தாளுக்கென்று உட்கார்ந்ததும் வெளிப்படுத்தின விசேஷத்தைத் திறந்து, ஏழு முத்திரை, ஏழு எக்காளம், ஏழு கலசம் என்று மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். நான் முதலில் எடுத்தது 1 தெசலோனிக்கேயர் 4:13-18. உங்களுக்கும் அதையே சொல்வேன். ஏறக்குறைய கி.பி. 50ல் எழுதப்பட்ட நிருபம் அது. இயேசு சீக்கிரம் வந்துவிடுவார் என்று காத்திருந்த சபையில் சிலர் இறந்துபோனார்கள். அவர்கள் கதி என்ன என்று மற்றவர்கள் கலங்கினார்கள். அந்தத் துக்கத்துக்குப் பதிலாகத்தான் பவுல் வருகையைப் பற்றி எழுதுகிறார்; "ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்று முடிக்கிறார். இந்த உபதேசமே ஆறுதலாகச் சொல்லப்பட்டது என்பது மனதில் பதிந்துவிட்டால், அப்புறம் வரும் மிருகங்களும் எண்களும் பயமுறுத்தாது.

அடுத்து மாற்கு 13, அதோடு சேர்த்து மத்தேயு 24. தேவாலயம் எப்போது இடியும், உம்முடைய வருகைக்கு அடையாளம் என்ன என்று மத்தேயுவில் சீஷர்கள் கேட்பதைக் கவனியுங்கள். கி.பி. 70ல் ரோமத் தளபதி தீத்துவின் படை எருசலேம் தேவாலயத்தை அழித்தது. எந்த வசனம் அந்த அழிவைப் பேசுகிறது, எது கடைசி வருகையைப் பேசுகிறது என்று பிரித்துக் காட்டினாலே உங்கள் விடை தனித்துத் தெரியும். "பாழாக்குகிற அருவருப்பு" வரும் இடத்தில் தானியேலுக்குப் போங்கள். கி.மு. 167ல் சீரியாவை ஆண்ட கிரேக்க அரசன் அந்தியோகஸ் எபிபானஸ் எருசலேம் தேவாலயத்தைத் தீட்டுப்படுத்தியதை 1 மக்கபேயர் முதல் அதிகாரம் சொல்கிறது. நம் புராட்டஸ்டன்ட் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தில் அந்த நூல் இல்லை. கத்தோலிக்க நண்பர் யாரிடமாவது அவர்கள் வாசிக்கும் 'பொது மொழிபெயர்ப்பு' வேதாகமத்தை வாங்கிப் படியுங்கள்.

வெளிப்படுத்தலை எடுக்கும்போது 2, 3ஆம் அதிகாரங்களில் நன்றாக நேரம் செலவிடுங்கள். எபேசு, சிமிர்னா, பெர்கமு எல்லாம் நிஜமான ஊர்கள்; இன்றைய துருக்கியில் இருக்கின்றன. பேரரசரைத் தெய்வமாக வணங்கும் வழக்கம் வேரூன்றியிருந்த நாட்டில் இருந்த சபைகள் இவை. ரோமப் பேரரசர் தொமித்தியன் ஆட்சியின் கடைசியில் இந்தத் தரிசனம் கிடைத்தது என்று இரண்டாம் நூற்றாண்டுச் சபைத் தலைவர் இரேனியு எழுதியிருக்கிறார். மிருகத்தின் எண்ணான 666 பற்றிக் கேட்டால், நீரோ சீசர் என்ற ரோமப் பேரரசரின் பெயரை எபிரெயத்தில் எழுதி ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய எண்ணைக் கூட்டினால் அந்தத் தொகை வரும் என்பதையும், சில பழைய பிரதிகளில் 616 என்று இருப்பதையும் எழுதுங்கள். இன்றைய அரசியல்வாதி யாரையும் இழுக்க வேண்டாம்.

மதிப்பெண்ணை அதிகம் தீர்மானிப்பது வெளிப்படுத்தலின் 20ஆம் அதிகாரம், அதாவது ஆயிர வருட அரசாட்சி. கிறிஸ்து வந்த பின் இந்தப் பூமியில் அரசாளுவார் என்று ஆதிச் சபையின் பப்பியா, யுஸ்தின், இரேனியு நம்பினார்கள். அகுஸ்தீன் 'கடவுளின் நகரம்' நூலின் 20ஆம் புத்தகத்தில், அந்த ஆயிரம் வருடம் இப்போதைய சபையின் காலத்தையே குறிக்கிறது என்றார். சுவிசேஷம் பரவிப் பரவி ஒரு நற்காலம் பிறக்கும், அதன் பிறகே வருகை என்பது ஜோனத்தன் எட்வர்ட்ஸ் போன்றவர்களின் நம்பிக்கை. நம் ஊர் பிரதரன், பெந்தெகொஸ்தே சபைகளில் கேட்டு வளர்ந்த இரகசிய வருகை (கிறிஸ்து முதலில் விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொள்வது), ஏழு வருட உபத்திரவம் என்ற வரிசை 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பியின் போதனையில் உருவாகி, 1909ல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் குறிப்புகளால் உலகெங்கும் பரவியது. உங்கள் சபை எதை நம்பினாலும் சரி, மற்ற மூன்றையும் அதை நம்புகிறவரே வாசித்து "ஆம், இதைத்தான் சொல்கிறோம்" என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதப் பழகுங்கள். எனக்கு இந்தப் பயிற்சியே மிகவும் உதவியது. நான் மறுத்து வந்த கருத்துகளைப் பிடித்திருந்தவர்களும் அதே வேதத்தை எவ்வளவு பயபக்தியோடு வாசித்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

வருகைக்கு நாள் குறிப்பது பற்றிய கேள்விக்கு அமெரிக்கப் போதகர் வில்லியம் மில்லரின் இயக்கம் நல்ல உதாரணம். தானியேல் 8:14ன் 2300 நாட்களை வருடங்களாகக் கொண்டு, கி.மு. 457லிருந்து எண்ணி, 1844 அக்டோபர் 22 என்ற நாளுக்கு வந்தார்கள். கிறிஸ்து வராமலே அந்த நாள் கடந்துபோனது. அந்த நாளை ஒருவரும் அறியார் என்று சொல்லும் மத்தேயு 24:36ஐ இதோடு சேர்த்து எழுதுங்கள்.

வெளிப்படுத்தலின் கடைசி இரண்டு அதிகாரங்களை நேரமில்லை என்று விட்டுவிடாதீர்கள். நாம் மேலே போவதோடு பலர் விடையை முடித்துவிடுகிறார்கள். 21ஆம் அதிகாரத்தில் பரிசுத்த நகரம் கீழே இறங்கி வருகிறது. தேவன் மனுஷரிடத்தில் வாசம்பண்ணுகிறார். ரோமர் 8:19-22ஐயும் பக்கத்தில் வைத்துப் படித்தால், சிருஷ்டி முழுவதும் மீட்கப்படுவது பற்றி எந்தக் கேள்வி வந்தாலும் தாராளமாக எழுதலாம்.